திரும்பும் நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

மலையேறி மல்லி மஸ்தான் பாபுவின் நினைவாக நீங்கள் எட்டுப் பேர் நம் சேஷாசல மலையில் தலக்கோனா ஏறப்போவதாகவும், பனியனின் முதுகில் ‘172’ என்று அச்சிடப்போவதாகவும் எழுதியிருந்தாய். நெல்லூர் மாவட்டத்துச் சங்கம் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவரைத் திருப்பதிப் பிள்ளைகள் நம்ம ஆள் என்று கொண்டாடுவது நியாயந்தான். 2006 ஜனவரி 19-இல் அண்டார்டிகாவின் வின்சன் சிகரத்தில் தொடங்கி, ஜூலை 10-இல் அலாஸ்காவின் டெனாலியில் முடித்து, ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாளில் தொட்டவர். உச்சி தொட்ட அந்த ஏழு நாட்களும் வாரத்தின் ஏழு வெவ்வேறு கிழமைகள் என்பதையும் ரசிகர்கள் விடாமல் சொல்வார்கள். (மலைக்கு ஏது கிழமை? ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.) எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். இவை எல்லாம் அவர் ஏறிய கதை. அவர் இறங்கி வராத கதையையும் சேர்த்து வைத்தால்தான் அது நினைவு என்பது என் கட்சி.

நினைவு ஆளை நகர்த்தும் சக்தி உள்ளது. அதற்கு மஸ்தான் பாபுவே சாட்சி. அவர் கோருகொண்டா சைனிக் பள்ளியில் சேர்ந்தது 1985-இல். அதே ஆண்டு, அப்பள்ளியின் பழைய மாணவர் லெப்டினன்ட் உதய பாஸ்கர் ராவ், இந்திய ராணுவத்தின் எவரெஸ்ட் பயணத்தில் உயிரிழந்தார். அந்த மூத்தவரின் நினைவுதான் சிறுவன் மஸ்தானுக்குள் மலையை விதைத்தது. ஐஐடி, ஐஐஎம் எல்லாம் படித்த பிறகும் அந்த விதை பட்டுப்போகவில்லை. ஒரு மரணம் இருபது ஆண்டு கழித்து இன்னொருவரை உச்சிக்கு அனுப்ப முடியுமென்றால், நினைவுக்குள் எதை வைத்துக் கட்டி அனுப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டாமா? வீரம் மட்டும் வைத்த மூட்டை ஏறத்தான் சொல்லும். திரும்பச் சொல்லாது.

2015 மார்ச் 24. அர்ஜென்டினா – சிலி எல்லையில், 6,700 மீட்டருக்கும் உயர்ந்த ட்ரெஸ் குரூசஸ் மலையில் அவர் தனியாக ஏறினார். அந்த நாட்களில்தான், மழையே அரிதான அட்டகாமாவில் பெருமழை கொட்டி, சிலியின் கோபியாப்போ நகரம் வெள்ளத்தில் மிதந்தது. அதே வானம்தான் மலைமேலும் இருந்தது. அவர் திரும்பாததால் நண்பர்கள் உலகெங்கும் கதவு தட்டினார்கள், இரு நாட்டு மீட்புக் குழுக்களும் தேடின. ஏப்ரல் தொடக்கத்தில் உடல்தான் கிடைத்தது. அவருக்கு அப்போது 40 வயது. அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கு முக்கியமானதும் அதுவே: அனுபவம் வானிலையைக் கட்டுப்படுத்தாது. தனியே போனவரின் கடைசி சில மணி நேரத்தைச் சொல்ல ஆளும் இல்லாமல் போகிறது.

‘தனிமைதான் குற்றமென்றால் குரங்கணியில் என்ன நடந்தது?’ என்று நீ மடக்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது கூட்டமாகப் போயும்தானே. சரியான கேள்வி. அதனால்தான் தலை எண்ணிக்கையை நான் காப்பாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த மணிக்கு, எந்த அறிகுறி கண்டால் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவுசெய்திருக்க வேண்டும். மேலே போனபின் ஆசை பேசும், அறிவு பேசாது. இறந்தவரைப் பற்றி இப்படி அலசுவது மரியாதையா என்று இன்னொருவர் கேட்பார். அமெரிக்க மலையேறிகள் சங்கம் 1948-இலிருந்து விபத்து அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. அதைப் படிப்பவர்கள் இறந்தவர்மேல் அன்பில்லாதவர்கள் அல்ல, அடுத்து ஏறப்போகிறவர்கள். ‘இதையெல்லாம் பேசினால் வீட்டில் விடவே மாட்டார்கள்’ என்பது உன் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். எனக்கென்னவோ, விஷயம் தெரிந்த அம்மாவைவிட, ‘எங்கேயோ மலைக்குப் போயிருக்கான்’ என்று மட்டும் தெரிந்த அம்மாதான் அதிகம் தடுப்பார் என்று படுகிறது.

ஆண்டீஸ் எங்கே, நம் சேஷாசலம் எங்கே என்று சிரிக்காதே. 2021 நவம்பர் மழையில் திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியே சேதமாகி, மறுவருடம் மே மாதம்தான் மீண்டும் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நடக்கும் கல்படிக்கே அந்த கதி. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைத் தண்ணீர் ஏறுவதற்கு நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, மேலே பெய்தால் போதும். நாகலாபுரம் மடுக்களுக்கும் இதுவே கணக்கு.

‘172’ நன்றாகத்தான் இருக்கும், போடுங்கள். அதற்குக் கீழே திரும்பும் மணியையும் போடுங்கள்: ஒன்றோ இரண்டோ, எட்டுப் பேரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட நேரம். அதையே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒன்று, தலக்கோனா போகும் வழியில் பாக்கராப்பேட்டையில் தெரிந்தவர் யாரிடமாவது ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள். படம் எடுத்தால் முதுகுப் பக்கமாக எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்