பழைய நகரப் புகைப்படத்தை மூலாதாரமாகப் பயன்படுத்தல்

1838 இல் லூயி டாகுவேர், பரிஸ் நகரின் பூல்வார் டு தாம்பிள் வீதியை மேல்மாடி யன்னலொன்றிலிருந்து படம்பிடித்தார். கட்டடங்களும் மரங்களும் தெளிவாக உள்ளன. வீதியோ வெறுமையாகத் தெரிகின்றது. இதைக் கண்டு, "அக்காலப் பரிஸில் சனநடமாட்டம் குறைவு" என எழுதிவிடாதீர்கள். நாடக அரங்குகள் நிறைந்த அவ்வீதி சனநெரிசல் மிக்கது. ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நடந்து சென்றோரும் குதிரை வண்டிகளும் தகட்டில் பதியவில்லை.

பதிந்தவர், சப்பாத்தைத் துடைப்பிப்பதற்காக ஒரு காலை உயர்த்தி அசையாது நின்ற ஒருவர். துடைப்பவரின் உருவம் மங்கலாகவே உள்ளது. வேலை செய்யும் கை அசையுமல்லவா? மனிதர் பதிந்த மிகப் பழைய புகைப்படமாக இது கருதப்படுகின்றது. இருவரின் பெயரும் தெரியாது.

பரீட்சையில் இத்தகைய படம் தரப்பட்டால், அதில் எவர் தெரிகின்றனர் என்பதுடன் எவர் தெரியவில்லை, ஏன் என்பதையும் எழுதுக.