டாலர் ஏறும்போது சொகுசுக் கப்பலில் சிக்கனம்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில் குளிர்பானம், வைஃபை, ஸ்பா எல்லாமே அமெரிக்க டாலர் கணக்குதான். ரூபாய் சரிந்திருக்கும் நேரத்தில் இந்த உதிரிச் செலவுகள் டிக்கெட் விலையையே எட்டிப்பிடித்துவிடும்.

வேண்டியவற்றை ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கப்பலுக்குள் வாங்குவதைவிட அநேகமாக மலிவு. அன்றைய மாற்று விகிதத்திலேயே கணக்கும் முடிந்துவிடும். ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸையும் முன்கூட்டியே கட்டலாம். அது அவர்களின் உழைப்புக்கு உரியது, அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது கார்டு. நம் வங்கிகளின் பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. இந்தக் கட்டணம் இல்லாத கார்டை எடுத்துச் செல்லுங்கள். ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். கப்பல் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டைப் பதிவு செய்தால், முன்பிணையாக முடக்கிய பணம் திரும்பச் சில நாட்கள் ஆகும்.

கப்பல் பினாங்கில் நின்றால், அங்கே சுற்றுலா பஸ் தேவையே இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம்.

கப்பல் ஏறியதும் போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடல் சிக்னலுக்குச் சாதாரண ரோமிங் பேக் பொதுவாகச் செல்லாது.