சென்னைக் குடிநீர் வாரியமும் மீஞ்சூர்க் கிணறுகளும்

வடசென்னையிலுள்ள புளியந்தோப்பு தாழ்வான பகுதி. பெருமழை பெய்தால் தெருவில் நீர் நிற்கும். வறட்சி ஆண்டுகளில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டும். பெயரைத் தவிர அங்கே தோப்பும் இல்லை, வயலும் இல்லை. இப்பகுதியைப் பற்றி வேளாண் பக்கத்தில் என்ன பேச்சு என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். சென்னைக் குழாய்களில் ஓடும் நீரில் ஒரு பங்கு, பல ஆண்டுகளாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களின் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டதாகும். வடசென்னை வீடுகள் கழிக்கும் நீரோ கொடுங்கையூருக்குச் சென்று சேர்கிறது. இந்த வரவையும் செலவையும் ஒரே கணக்கில் கொண்டுவர முயன்ற அமைப்பே சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்.

புழல் ஏரி நீர் 1872 முதல் நகருக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் வடிகட்டும் நிலையம் அமைந்தது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. இவ்வளவு காலமும் குடிநீர் வழங்குவதும் சாக்கடை பராமரிப்பதும் மாநகராட்சியின் பல வேலைகளில் இரண்டாக இருந்தன. மாநகராட்சி எல்லைக்கு வெளியே வேறு அமைப்புகள் பார்த்தன. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் தனி வாரியம் ஏற்பட்டது. தனி வரி, தனிக் கட்டணம், தனிப் பொறியாளர்கள் என்று அதற்கு வகை செய்யப்பட்டது.

குடிநீரும் கழிவுநீரும் ஏன் ஒரே கையில் இருக்க வேண்டும்? சொட்டுநீர்ப் பாசனம் செய்வோர் இதை எளிதில் புரிந்துகொள்வர். மோட்டாரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, சொட்டுவான் வழியாகச் சேற்று நீர் உள்ளே இழுக்கப்படும். நகரத்துக் குழாயிலும் இதே கதைதான். நீர் சில மணி நேரமே விடப்படும் தெருவில், குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே கிடந்து இரண்டிலும் விரிசல் இருந்தால், நீர் நின்ற வேளையில் கழிவு உள்ளே புகும். வாந்தி பேதி அவ்வழியே வரும். ஒரு குழாயை ஓர் அலுவலகமும் மற்றதை வேறோர் அலுவலகமும் பார்த்தால், பள்ளம் தோண்டுவது யார் என்பதிலேயே நாள் கழியும்.

ஆனால் வாரியம் வந்தும் எல்லாம் ஒரு கைக்கு வந்துவிடவில்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமே இருக்கிறது. ஏரிகள் அரசின் நீர்வளத் துறையிடம் உள்ளன. புளியந்தோப்பில் மழைநீரும் சாக்கடை நீரும் கலந்து நிற்கும்போது இந்தப் பிரிவினை நன்றாகத் தெரியும். பெயரில் ‘பெருநகர்’ என்று இருந்தும், திருவொற்றியூர், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம், மணலி ஆகிய ஊர்கள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது 2011-ல்தான். அதன் பிறகே அவ்வூர்களின் குடிநீர், கழிவுநீர்ப் பொறுப்பு வாரியத்தின் கைக்கு வந்தது. அதாவது 33 ஆண்டுகள்!

கிணற்றில் உப்பு ஏறிய விதம்

கொசஸ்தலையாறு, ஆரணியாறு படுகையில் 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. அதன் வழியே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து நீர் சென்றது. உழவர்களும் தம் பங்குக்கு மோட்டார் வைத்து இறைத்தனர்.

கடலோர நிலத்தில் நன்னீர், உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போயிற்று என்று பொருள். மழை ஊற வைப்பதைவிட அதிகம் இறைத்தால் கடல் உள்ளே நகரும். மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு நீர், 1980-களில் 9 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. இறைப்பைக் குறைத்தாலும் ஏறிய உப்பு எளிதில் திரும்பிப் போவதில்லை.

இதன் பிறகே 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. பட்டியலிட்ட கிராமங்களில் புதுக் கிணறு வெட்ட அனுமதியும், நீரை வண்டியில் ஏற்றிச் செல்ல உரிமமும் வேண்டும். ஆயினும் வறட்சி வந்த 2000-களின் தொடக்கத்தில் வாரியமே உழவர்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. விற்றவருக்கு நெல்லைவிட அதிகப் பணம் கிடைத்திருக்கலாம். பக்கத்து வயல்காரருக்குக் கிடைத்தது வற்றிய கிணறு. கூலி வேலை இழந்தவருக்கு அதுவும் இல்லை. நீர் தரும் ஊர்களின் உழவருக்கு வாரியத்தில் ஓர் இருக்கை இருந்திருந்தால் இந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்திருக்கும்.

கழிவு நீரே மாற்று

வீட்டில் 100 லிட்டர் செலவானால் ஏறத்தாழ 80 லிட்டர் கழிவாகத் திரும்புகிறது. இதைப் பயன்படுத்தியதில்தான் இவ்வாரியம் பாராட்டுக்குரியது. 1990-களில் மணலியின் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வாரியத்திடம் கழிவுநீரை வாங்கி, மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. கொடுங்கையூரில் 2019-ல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் வடபகுதித் தொழிற்சாலைகளுக்காக இயங்கத் தொடங்கியது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் 10 கோடி லிட்டர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அதற்கு மின்செலவு அதிகம். கழிவுநீரைத் திருப்பும் வழியே மேல் என்று கருத இடமுண்டு. ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீரும் நிலத்தடியில் ஒரு லிட்டரை மிச்சம் வைக்கிறது.

சுத்திகரிக்காத கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சுவது வேறு விஷயம். பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி, கொத்தமல்லிக்கு அது கூடவே கூடாது. ஆலைக் கழிவு கலந்திருந்தால் தீவனப் புல்லுக்கும் ஆகாது.

மீஞ்சூர், பொன்னேரி வட்டார உழவர்கள் ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், கிணற்று நீரைச் சோதித்தல் நலம். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்ட பின், சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். மின்கடத்தும் திறன் 0.75-க்குள் இருந்தால் எப்பயிருக்கும் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் நாற்றங்காலுக்கு அந்நீரைத் தவிர்த்து, மழைநீரைத் தேக்கி உப்பை வடியவிட்டு, தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழவும். அடுத்த பட்டத்துக்கு ஏற்ற உப்புத் தாங்கும் ரகத்தைத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம்.