வேப்பெண்ணெய் பயிருக்கு மருந்து. பச்சைக் குழந்தைக்கு நஞ்சு



எறும்பு கடித்தால் நாம் தட்டிவிடுகிறோம், அல்லது எழுந்து நகர்ந்து போகிறோம். செடி, மரத்துக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகவே பல செடிகள் தமக்குள் இரசாயனப் பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. புகையிலையில் உள்ள நிகோடின் அப்படிப்பட்டது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. அதனால்தான் அதைத் தோல் உரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுகிறோம்.

வேம்பு என்ன செய்கிறது?

1959-ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து மற்ற மரங்களை மொட்டையடித்தது. வேப்ப மரம் மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டார். 1968-ல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து ‘அசாடிராக்டின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இது இரண்டு வேலை செய்கிறது.

1. பூச்சியைத் தின்னவிடாது. இது பட்ட இலையைப் பல பூச்சிகள் ருசி பார்த்ததும் விட்டுவிடும்.

2. வளரவிடாது. புழு வளர வளரப் பலமுறை தோல் உரிக்க வேண்டும். அதற்கான சுரப்பை இது கெடுத்துவிடும். புழு தோல் உரிக்க முடியாமல் செத்துப்போகும்.

இந்தப் பொருள் அதிகம் இருப்பது கொட்டையின் பருப்பில். பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் ஆகும்படி நீர் சேர்த்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். வெயில் பட்டால் வீரியம் குறையும். ஆகவே மாலையில் தெளிப்பது நல்லது.

ஒரு பாட்டியின் கேள்வி

“ஏம்மா நர்ஸம்மா, புழுவைக் கொல்ற எண்ணெய் புள்ள வயித்துப் பூச்சியையும் கொல்லாதா? மாந்தத்துக்கு ஒரு சங்கு ஊத்தினா என்ன?”

“வேண்டாம் பாட்டி! மரம் அதைச் செஞ்சு வெச்சது தன்னைக் காப்பாத்திக்க. நம்ம புள்ளைக்கு மருந்தா செஞ்சு வைக்கல. பச்சப் புள்ள உடம்பு அதைத் தாங்காது.”

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மயக்கம், மேல்மூச்சு, வலிப்பு கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததை 1981-ல் மலேசிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. ஈரலும் மூளையும் பாதிக்கப்படும். உயிருக்கே ஆபத்து. “இயற்கைப் பொருள்தானே, என்ன செய்யும்?” என்று எண்ணுவது தவறு.

செய்ய வேண்டியவை

• குழந்தைக்கு வேப்பெண்ணெயைச் சங்கிலோ, பாலாடையிலோ, விரலில் தொட்டோகூட வாயில் கொடுக்காதீர்கள்.

• முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்.

• பூச்சி மாத்திரை 1 வயதுக்கு மேல்தான். அதைக் கிராம சுகாதார செவிலியரோ, அங்கன்வாடியிலோ கொடுப்பார்கள்.

• எண்ணெய் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சமையல் எண்ணெய் பக்கத்தில் வேண்டாம்.

• தவறிக் கொடுத்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

வேம்பு நம் வாசலில் நிற்கட்டும். அதன் எண்ணெய் வயலுக்குப் போகட்டும். குழந்தையின் வாய்க்கு மட்டும் வேண்டாம்.

படித்த பின் இதைப் பக்கத்து வீட்டுத் தாய்க்கும் படித்துக் காட்டுங்கள்.