தேர் வருமுன் ஒரு புத்தகம்

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும்போது பினாங்கின் லிட்டில் இந்தியாவில் மேளம், ஒலிபெருக்கி, நெரிசல். ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரும் அதிர்ச்சி. சாதாரண நாளிலேயே மார்க்கெட் ஸ்திரீட் பாட்டுக் கடைகளின் சத்தமே பிள்ளையை மிரட்டப் போதும்!

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறை இங்கே கைகொடுக்கும்: நடக்கப்போவதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு சிறு புத்தகம். குவின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில், தேர், கூட்டம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுங்கள். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி: "மேளம் சத்தமாகக் கேட்கும்." "நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்." "அம்மா பக்கத்தில் இருப்பார்." 'அழக்கூடாது' என்று எழுதாதீர்கள்; நடப்பதைச் சொல்லும் வரிகளே அதிகம் இருக்கட்டும். ஆறேழு பக்கம் தாராளம். லேமினேட் செய்தால் கிழியாது.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது, சில நாள் முன்பிருந்தே வாசியுங்கள். அலறி அழும் நேரத்தில் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. அப்போது சத்தமில்லாத இடத்துக்குத் தூக்கிப் போவதுதான் வழி. அதே கதையை நூறு முறை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். இன்னொரு பிரதியைப் பாலர் பள்ளி ஆசிரியரிடமும் கொடுத்துவிடுங்கள்.