தலைவரை எதை வைத்து அளப்பது?

பாகான் செராயில் எங்க வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தாவின் பங்குச் சீட்டு ஒன்று இருக்கு. பால்மரம் வெட்டிய சம்பளத்தில் கட்டியது. இன்றைய பாடம் அதிலிருந்துதான்.

ம.இ.கா. 1946-இல் உருவானது. முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். 1955-இல் கட்சி நம்ம பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தனைத் தலைவராக்கியது.

அந்தக் காலகட்டத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போச்சு, குடியிருந்த வீடும் போச்சு. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்ட, சங்கம் தோட்டங்களை வாங்கியது. தாத்தாவின் சீட்டு அந்தச் சங்கத்துடையது.

1973-இல் கட்சிக்குள் எதிர்ப்பு எழ, சம்பந்தன் பதவி விலகினார். சங்கம் இன்றும் நிற்கிறது.

அடுத்து, 1974 முதல் அதே சுங்கை சிப்புட் தொகுதியில் வென்றுவந்த சாமிவேலு 1979-இல் கட்சித் தலைவரானார். 2008-இல் அந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. கட்சி தலைவரைத் தரலாம். தீர்ப்பு நம்ம கையில்.

இப்போ 18 வயசிலேயே நமக்கு ஓட்டு. கொடியையும் படத்தையும் பார்த்து முடிவு செய்யாதீங்க. ‘இவரை ஆதரிச்சதால நம்ம ஜனங்க கையில என்ன மிஞ்சுச்சு?’ன்னு கேளுங்க.

கலந்துரையாட: உங்க வீட்டுப் பெரியவங்க எந்தத் தலைவரை ஆதரிச்சாங்க? ஏன்? கேட்டு எழுதி வாங்க.