ரிம் மாற்றுவதற்கு முன்

பாப்பாரப்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளை சரவணனுக்கு,

என் தங்கச்சி, உங்கம்மா, நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். நீ ஓசூரில் பழைய எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்று வாங்கியிருக்கிறாய் என்றும், அதற்கு 17 இஞ்ச் ரிம் மாட்டிச் சூப்பர்மோட்டோவாக மாற்ற முப்பதாயிரம் கேட்கிறாய் என்றும் சொன்னாள். 'நீயாவது எடுத்துச் சொல்லண்ணா' என்று என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். போனில் பேசினால் நீ 'சரிங்க மாமா' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

உன் ஆசையைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கத்துச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. பாலக்கோட்டிலிருந்து நம் ஊருக்கு வருகிற வழியில் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள் எத்தனை என்று உனக்கே தெரியும். திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடக்கும். கரும்பு டிராக்டரை முந்த வேண்டுமானால் தலை உயரத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரும் வண்டி, நீளமாக அமுங்கும் ஷாக், அகலமான ஹேண்டில்பார் மூன்றும் சேர்ந்தால் இந்தச் சாலையில் உடம்பு நோகாது.

சூப்பர்மோட்டோ பிறந்த கதையையும் தெரிந்துகொள். 1979இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் பந்தயத் தளத்தில், தொலைக்காட்சிக்காக ஒரு போட்டி வைத்தார்கள். மண், தார், மேடு எல்லாம் ஒரே சுற்றில் வரும். மண் பந்தயக்காரனும் தார் பந்தயக்காரனும் ஒரே களத்தில் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஓட்டுநர்கள் மண் பந்தய வண்டிக்குத் தார் டயரும் நல்ல பிரேக்கும் போட்டு ஓட்டினார்கள். அதிலிருந்துதான் இந்த வகை வண்டி வளர்ந்தது. பிரான்ஸ்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2002இல் உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. ஆக, இந்த வண்டியின் உயிர் பிரேக்கிலும் டயரிலும் இருக்கிறது. ஸ்டிக்கரிலும் சைலன்சரிலும் இல்லை.

இனி உன் 17 இஞ்ச் ரிம்முக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உன் வண்டியில் முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18. நீ மாட்ட நினைப்பது எக்ஸ்பல்ஸ் 200டியில் வந்த 100/80-17, 130/70-17 அளவு. முன் சக்கரத்தின் மொத்த விட்டம் 695 மில்லிமீட்டரிலிருந்து 592க்கு இறங்கும். பின்னால் 649இலிருந்து 614. அதாவது வண்டியின் முன்பக்கம் 52 மில்லி தாழும், பின்பக்கம் 18 மில்லிதான் தாழும். மூக்கு குத்தினாற்போல நிற்கும். ஃபோர்க் செங்குத்தாகும். ஹேண்டில் சட்டென்று திரும்பும். அந்தச் சுகத்துக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வண்டி தொப்பூர் பக்கம் நான்குவழிச் சாலையில் எண்பதில் போகும்போது, லாரிக் காற்று அடித்தால் ஹேண்டில் அலையும். 220 மில்லி இருந்த தரை இடைவெளி 185 வாக்கில் வந்துவிடும்.

ரிம் கடைக்காரர் உன்னிடம் சொல்லாத இரண்டு விஷயமும் உண்டு. வண்டி தாழ்ந்த பிறகு சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி சாய்ந்து நிற்காமல் நெட்டுக்குத்தலாக நிற்கும். மண் தரையில் நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் வலது பக்கம் விழுந்து கிடக்கும். லேத் பட்டறையில் கொடுத்து ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். இரண்டாவது, சக்கரத்தின் சுற்றளவு மாறினால் ஏபிஎஸ் கணக்கும் மாறும். கம்பெனி அந்தச் சுற்றளவை வைத்துத்தான் ஏபிஎஸ் கணினிக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது. முன் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கிற மீட்டராக இருந்தால், நீ 51இல் போகும்போது அது 60 என்று காட்டும்.

இதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் ஆள் வந்து முதலில் பார்ப்பது ரிம்மைத்தான். எதிராளிக்குக் கை கால் போயிருந்தால் அந்த நஷ்டஈட்டை யார் கட்டுவது? உங்கம்மா பேரில் இருக்கிற அரை ஏக்கர்தானே மிச்சம்? 17 இஞ்ச்தான் வேண்டுமென்றால், கம்பெனியே அந்த ரிம்மோடு விற்ற வண்டியை வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ரிம்மைத் தனி ஜோடியாக வைத்துக்கொண்டு, கோவை செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே மாதிரி பந்தயத் தளத்தில் மட்டும் மாட்டி ஓட்ட வேண்டும். சாலைக்கு வேண்டாம்.

இப்போது செய்யத்தக்கதைச் சொல்கிறேன். பிரேக்கிலிருந்து ஆரம்பி.

பழைய வண்டி வாங்கினால் பிரேக் ஆயிலை நம்பாதே. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையில் விடாமல் பிரேக் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சூட்டில் ஆயிலுக்குள் குமிழி வரும், லிவர் பஞ்சுபோல உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீயே செய்யலாம். கேலிப்பர் நிப்பிளில் மீன்தொட்டிக் குழாய் மாதிரி உள்ளே ஓடுவது தெரிகிற குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க விடு. லிவரை மெதுவாக நாலு தடவை அமுக்கி, அமுக்கினபடியே பிடித்துக்கொள். நிப்பிளைக் கால் சுற்று திற. பழுப்பு நிற ஆயில் குழாய்க்குள் ஓடும். நிப்பிளை மூடின பிறகுதான் லிவரை விட வேண்டும், முந்திவிட்டால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பாவில் ஆயில் எந்த நேரமும் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கட்டும். வற்றவிட்டால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று ஏறும், அதை வீட்டில் எடுக்க முடியாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். குழாயில் பழுப்பு நிறம் மாறித் தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய். டேங்கின் மேல் ஈரத்துணி போட்டுக்கொள். ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்று.

ஆயிலோடு பேடையும் கழற்றிப் பார். கேலிப்பர் நகர்கிற பின்னைத் துடைத்து, அதற்கென்று விற்கிற கிரீஸை மட்டும் தடவு. பின் இறுகிப்போனால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து தீரும். புதுப் பேட் போட்டால் முதல் நாளே அழுத்திப் பிடிக்காதே. காலி ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து பல தடவை மெல்லப் பிடித்து விடு, பேட் டிஸ்கோடு ஒட்டிப் பழகட்டும். நம் ஊர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு வெளியூர் வண்டிகள் வருகின்றன. வழி தெரியாமல் நடுரோட்டில் நிறுத்துவார்கள். அப்போது உன்னைக் காப்பது இந்தச் சில நூறு ரூபாய் வேலைதான்.

அடுத்தது கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கு. ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பு. நேர் நிலைக்கு வரும்போது 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோலத் தெரிந்தால் கோன்செட் போய்விட்டது என்று அர்த்தம். பழைய வண்டியில் இது சகஜம். அது போன வண்டிக்கு என்ன ரிம் போட்டாலும் திருப்பத்தில் கோடு பிடிக்காது.

பிறகு ஷாக். இதற்குக் காசே வேண்டாம், ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அள. பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட் பையோடு நீ ஏறி உட்கார்ந்து அதே இடத்தை அளக்கச் சொல். இரண்டுக்கும் வித்தியாசம், மொத்தம் அமுங்குகிற 170 மில்லியில் நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஐம்பது மில்லி என்று வைத்துக்கொள். அதிகமாக அமுங்கினால் ஸ்பிரிங் மேலிருக்கும் வளையத்தை சி ஸ்பேனரால் இறுக்கு, குறைவாக அமுங்கினால் தளர்த்து. உன் எடைக்கு யாரும் இதைச் செய்துகொடுத்திருக்க மாட்டார்கள். முந்தைய ஓனர் எடைக்கே கிடக்கும்.

நீ விரும்புகிற அந்த வேகமான திருப்பம் கொஞ்சம் வேண்டுமென்றால், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டி-ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்தி ஃபோர்க் குழாயைப் பத்து மில்லி மேலே ஏற்று. இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம். அதற்கு மேல் ஏற்றாதே. முழுக்க அமுங்கும்போது சக்கரமோ மட்கார்டோ எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சாலைக்கு எடு. ஃபோர்க் ஆயில் எத்தனை வருஷமாக உள்ளே இருக்கிறதோ தெரியாது, அதையும் அந்தக் கையோடு மாற்றிவிடு.

டயரை அதே 21, 18 அளவில் வாங்கு. கட்டை கட்டையாக இருக்கிற மண் டயர் வேண்டாம், தார்ச்சாலைக்கே அதிகம் ஏற்ற பூ உள்ளதாகக் கேள். கட்டை குறைந்து ரப்பர் அதிகமாகத் தரையில் படும். மழையில் வண்டி சாயும்போது வித்தியாசத்தை நீயே உணர்வாய். சூப்பர்மோட்டோவின் பாதிச் சுகம் இதிலேயே கிடைத்துவிடும், சட்டத்துக்கும் விரோதமில்லை. காற்று, மேனுவலில் போட்டிருக்கிற அளவுதான். ஸ்போக்ஸ் ரிம் என்பதால் உள்ளே டியூப் இருக்கும். ஒரு டியூபும் இரண்டு டயர் லிவரும் பையில் இருக்கட்டும். பஞ்சர் கடைக்காரரிடம் உட்கார்ந்து ஒரு தடவை மாட்டிப் பழகு. ஒகேனக்கல் காட்டு ரோட்டில் சாயங்காலம் யானை குறுக்கே வரும் இடத்தில் பஞ்சரோடு வண்டி தள்ள முடியாது.

ஹேண்டில்பாரையும் லிவரையும் உன் கைக்குத் திருப்பி வைத்துக்கொள், உட்கார்ந்து கை நீட்டினால் மணிக்கட்டு மடியக் கூடாது. செயின் லூஸைப் பார்த்துக்கொள்.

சைலன்சர் பக்கம் மட்டும் போகாதே. இது பிஎஸ்-6 வண்டி, உள்ளே சென்சார் பார்த்துப் பெட்ரோல் அளக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தக் குழாய் மாட்டினால் சக்தி கூடாது, பெட்ரோல் அளவுதான் குழம்பும். அதே சட்டத்தின் 190ஆம் பிரிவில் பத்தாயிரம் வரை அபராதம், லைசென்சும் மூன்று மாதம் போகும். விடியற்காலையில் நம் தெருவில் அந்தச் சத்தத்தோடு நீ வருவதை நான் பார்க்க விரும்பவில்லை. கூடுதல் லைட்டும் அப்படித்தான், எதிரில் வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிற லைட் வேண்டாம். அதற்குப் பதில் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டு. டெயில் லைட் இல்லாத டிராக்டர்களுக்கு நடுவே நீயாவது தெரிய வேண்டும்.

பிரேக், கோன்செட், ஃபோர்க் ஆயில், இரண்டு டயர் எல்லாம் சேர்த்தாலும் நீ கேட்ட முப்பதாயிரத்தில் பாதியைத் தாண்டாது. மிச்சத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், கையுறை, முட்டிக்குக் காப்பு வாங்கு. பணத்தை உங்கம்மாவிடம் கேட்காதே, நான் தருகிறேன். ரிம்முக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பி வாங்கிக்கொள். அடுத்த ஞாயிறு வண்டியை நேரே என் வீட்டுக்கு எடுத்து வா. சீல் உடைக்காத டாட் 4 பாட்டில் ஒன்றும் நான் சொன்ன குழாயும் வாங்கி வருவது உன் பொறுப்பு. ஸ்பேனர் எல்லாம் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா